சர்வர் டிஸ்க் 100% — 29 ஜிபி லாக் ஃபைலை அழித்தும் இடம் வரவில்லை, என்ன செய்வது?

ராணிப்பேட்டை_நைட்ஷிப்ட் — இரவு 9:42

அண்ணன்மார்களே, கொஞ்சம் அவசரம். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஷூ அப்பர் தைக்கிற கம்பெனி ஒன்றில் ஐடி வேலை பார்க்கிறேன். ஐடி என்றால் நான் ஒருவன்தான், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சர்வர் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஃபோனில் தமிழ் கீபோர்டில் தட்டுகிறேன், அதனால் கமாண்டெல்லாம் தமிழ் எழுத்திலேயே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உபுண்டு 22.04 (லினக்ஸ்), ஒரே பார்ட்டிஷன், இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், 100 ஜிபி. அதில் மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்), அப்புறம் வெளியாள் ஒருவர் எழுதிக்கொடுத்த ஜாவா அப்ளிகேஷன் (அட்டெண்டன்ஸ், ஸ்டாக், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அதில்தான்). சாயந்திரம் ஆறு மணிக்கு பேக்கிங் லிஸ்ட் பிரிண்ட் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. லாகில் பார்த்தால் "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்". டிஎஃப் -எச் (டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று காட்டும் கமாண்ட்) போட்டேன்: மொத்தம் 98, பயன்பாடு 93, மீதி 0, 100%. (98-இல் 93 போனால் 5 வரவேண்டும், 0 காட்டுகிறது. இது என்ன கணக்கு என்றும் யாராவது சொல்லுங்கள்.)

தேடியதில் அந்த ஜாவா அப்ளிகேஷனின் லாக் ஃபைல் மட்டும் 29 ஜிபி இருந்தது. ஆர்எம் போட்டு அழித்துவிட்டேன். ஃபைல் போய்விட்டது, எல்எஸ் போட்டால் இல்லை. ஆனால் டிஎஃப் அதே 93, அதே 100%. ஆப்ட் கிளீன் போட்டுப் பழைய இன்ஸ்டால் ஃபைல்களை எடுத்தேன், பழைய ஜர்னலையும் (சிஸ்டம் லாக்) வெட்டினேன், இரண்டு ஜிபி கிடைத்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அந்த இரண்டு ஜிபியும் காணோம். ரூட்டிலிருந்து (எல்லாவற்றுக்கும் மேல் ஃபோல்டர்) டியூ போட்டு ஃபைல் சைஸ்களைக் கூட்டினால் 34 ஜிபிதான் வருகிறது. டிஎஃப் 93 என்கிறது, டியூ 34 என்கிறது. நடுவில் 59 ஜிபி எங்கே?

கன்டெய்னர் நாளைக் காலை சென்னைக்குக் கிளம்பவேண்டும், பேக்கிங் லிஸ்ட் இல்லாமல் கிளம்பாது. மேனேஜர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். ரீபூட் செய்யவும் பயமாக இருக்கிறது, மைஎஸ்க்யூஎல் திரும்ப எழவில்லையென்றால் என் கதை முடிந்தது.


கொணவட்டம்_கிங் — இரவு 9:51

லாகெல்லாம் இருக்குற வார் லாக் ஃபோல்டரை அப்படியே ஆர்எம் -ஆர்எஃப் பண்ணிட்டு ரீபூட் அடி ப்ரோ, ரெண்டு நிமிஷ வேலை. நான் எப்பவும் அப்படித்தான்.


முள்ளுக்கத்திரி — இரவு 9:58

மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள் தம்பி. வார் லாக் ஃபோல்டருக்குள் இருக்கிற துணை ஃபோல்டர்களும் போய்விட்டால் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் மாதிரி சர்வீஸ்கள் லாக் எழுத இடம் இல்லை என்று கிளம்பவே கிளம்பாது. ஒரு பிரச்சினையோடு ரீபூட்டுக்குள் போய் மூன்று பிரச்சினையோடு வெளியே வருவீர்கள்.

முதலில் மேனேஜரை அனுப்பும் வழி. நீங்கள் கேட்ட அந்த 5 ஜிபி கணக்கு இப்போது உதவும். இஎக்ஸ்டி4 ஃபார்மேட் செய்யும்போதே 5% இடத்தை ரூட் யூசருக்கென்று (அட்மின்) ஒதுக்கிவைத்துவிடும், சாதாரண யூசருக்கு அது தெரியாது. டிஸ்க் நிரம்பிய பிறகும் நீங்கள் ரூட்டாக உள்ளே போய் வேலை பார்க்க முடிகிறதே, அது அந்த ஒதுக்கீட்டால்தான். மைஎஸ்க்யூஎல் தன் சொந்த யூசரில் ஓடுகிறது, அதற்கு அந்த இடத்தில் கை வைக்க முடியாது. ட்யூன்2எஃப்எஸ் -எம் 1 போட்டு உங்கள் பார்ட்டிஷன் பெயரைக் கொடுங்கள். ஒதுக்கீடு 1% ஆகும், எதையும் அழிக்காமல், எதையும் நிறுத்தாமல் சுமார் 4 ஜிபி உடனே கிடைக்கும். அதில் பேக்கிங் லிஸ்டை அடித்துக்கொடுத்துவிடுங்கள். மைஎஸ்க்யூஎல் டிஸ்க் நிரம்பினால் சட்டென்று சாகாது, நிமிடத்துக்கு ஒரு முறை இடம் வந்ததா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்கும். உங்கள் ஸ்கிரீன் சுற்றிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் அதனால்தான். இடம் வந்ததும் தானாக நகரும்.

இப்போது 59 ஜிபி. நீங்கள் அழித்தது ஃபைலின் பெயரை மட்டும்தான். லினக்ஸில் ஆர்எம் என்பது டைரக்டரியில் இருக்கிற பெயரை எடுத்துவிடும், அவ்வளவுதான். அந்த ஃபைலை ஏதாவது ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கிற ப்ரோக்ராம்) திறந்துவைத்திருக்கும் வரை உள்ளே இருக்கிற டேட்டா டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். உங்கள் ஜாவா அப்ளிகேஷன் அதைத் திறந்துவைத்திருக்கிறது, திறந்துவைத்திருப்பது மட்டுமல்ல, இன்னும் அதற்குள்ளேயே எழுதிக்கொண்டிருக்கிறது. டீ குடிக்கப் போன நேரத்தில் உங்கள் இரண்டு ஜிபியைச் சாப்பிட்டது அதுதான். டியூ பெயர் பெயராக நடந்து கூட்டும், பெயர் இல்லாததை அது பார்க்காது. டிஎஃப் ஃபைல் சிஸ்டத்தையே கேட்கும், அதற்குத் தெரியும்.

எல்எஸ்ஓஎஃப் +எல்1 போடுங்கள். பெயர் போயும் திறந்திருக்கிற ஃபைல்களை மட்டும் காட்டும், கடைசியில் "டெலீடட்" என்று எழுதியிருக்கும், பக்கத்தில் சைஸ், ப்ராசஸ் நம்பர், எஃப்டி நம்பர் (திறந்த ஃபைலுக்கு அந்தப் ப்ராசஸ் வைத்திருக்கிற எண்) எல்லாம் இருக்கும். 29 ஜிபி ஃபைல் அங்கே 31 ஆக வளர்ந்திருந்தால் நான் சொன்னது சரி.

அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்தால் அது கையை விடும், இடம் வரும். மெஷினை ரீபூட் செய்யத் தேவையில்லை. ஷிப்ட் நடக்கிறது, ரீஸ்டார்ட்டும் முடியாது என்றால் ப்ராக் ஃபோல்டருக்குள் (ஓடுகிற ப்ராசஸ்களின் விவரம் இருக்கிற இடம்) அந்தப் ப்ராசஸ் நம்பர், அதற்குள் எஃப்டி, அதற்குள் அந்த எண், அதை ட்ரங்கேட் -எஸ் 0 போட்டு வெறுமையாக்கலாம். எண்ணை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். பக்கத்து எண் டேட்டாபேஸ் கனெக்ஷனாக இருந்தால் பரவாயில்லை, உங்கள் டேட்டா ஃபைலாக இருந்தால் வெறுமையாவது அதுதான்.

ஆனால் ஒன்று, 31 போனாலும் உங்கள் கணக்கில் இன்னும் 28 இடிக்கிறது. முதலில் இதை முடித்துவிட்டு வாருங்கள்.


பழைய_ஆற்காடு — இரவு 10:06

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ப்ராக் ஃபோல்டரே வேண்டாம். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்களே, அந்த வரிசையில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஃபைல் இல்லாத 31 ஜிபி. (சாமி இல்லாத கோயில் என்றும் சொல்வார்கள், அது 1981-லேயே சரியாகிவிட்டது, ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்துவிட்டார். அதை இன்னும் சொல்கிறவர்கள் அப்டேட் போடாதவர்கள்.)

தம்பி, கை அரித்து மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள் போய் பின்லாக் ஃபைல்களை (டேட்டாபேஸில் நடந்த மாற்றங்களின் பதிவு) ஆர்எம் போட்டுவிடாதே. பெரிது பெரிதாக இருக்கும், அழிக்கச் சொல்லிக் கூப்பிடும். மைஎஸ்க்யூஎல் 8-இல் பின்லாக் தானாகவே ஆனாகி இருக்கும், 30 நாள் வைத்திருக்கும். குறைக்க வேண்டுமென்றால் உள்ளே லாகின் செய்து பர்ஜ் பைனரி லாக்ஸ் என்று தேதி கொடுத்துச் சொல், அதுவே இண்டெக்ஸையும் திருத்திக்கொள்ளும். ஐபிடேட்டா1 என்று மைஎஸ்க்யூஎல்லின் முக்கிய டேட்டா ஃபைல் ஒன்று இருக்கும், அதன் பக்கம் தலைவைத்தும் படுக்காதே.


காட்பாடி_ஜங்ஷன் — இரவு 10:15

இதே எர்ரர் எனக்கு வேறு மாதிரி வந்தது, பின்னால் படிக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன், நைட்ஷிப்ட் தம்பி இதைத் தாண்டிப் போகலாம்.

வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜ். ஆஸ்பத்திரிக்கு வருகிற வடநாட்டுக்காரர்கள், பெங்காலிகள்தான் முக்கால்வாசிப் பேர், ஊரிலிருந்தே ரூம் புக் செய்ய பிஹெச்பியில் ஒரு சின்ன சைட் போட்டுக்கொடுத்திருந்தேன். 40 ஜிபி டிஸ்க். ஒரு நாள் காலை புக்கிங் எதுவும் ஏறவில்லை, ஓனர் ஃபோனில் கத்துகிறார், லாகில் "நோ ஸ்பேஸ்". டிஎஃப் -எச் போட்டால் 60% கூட நிரம்பவில்லை. நான் டிஸ்க்கே கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது டிஸ்க்குக்கு விலை கேட்கவே ஆரம்பித்துவிட்டேன்.

டிஎஃப் -ஐ போட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஐநோட் (ஒவ்வொரு ஃபைலின் விவரத்தையும் வைத்திருக்கிற இடம்) 100%. இஎக்ஸ்டி4-இல் வழக்கமாக 16 கேபிக்கு ஒரு ஐநோட் கணக்கு, 40 ஜிபிக்கு 26 லட்சம் சொச்சம், ஃபார்மேட் செய்யும்போதே எண்ணிக்கை முடிவாகிவிடும், அப்புறம் அதே டிஸ்க்கில் கூட்ட முடியாது. ஒரு ஃபைலுக்கு ஒன்று, ஃபைலுக்குள் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒன்று. என் 26 லட்சத்தையும் தின்றது பிஹெச்பி செஷன் ஃபைல்கள் (சைட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் உருவாகிற தற்காலிக ஃபைல்). காரணம் நானே. உபுண்டுவில் பழைய செஷன்களைக் கூட்டிப் பெருக்க ஒரு வேலை தானாக ஓடும், அது பிஹெச்பியின் பொது செட்டிங்கில் சொன்ன ஃபோல்டரை மட்டும்தான் பெருக்கும். நான் செஷன் பாத்தைப் புத்திசாலித்தனமாக சைட்டின் கோடுக்குள்ளேயே வேறு ஃபோல்டருக்கு மாற்றிவைத்திருந்தேன். அங்கே துடைப்பம் போகவே இல்லை.

அழிப்பதும் ஒரு கூத்து. எல்எஸ் போட்டால் எல்லாப் பெயரையும் வரிசைப்படுத்தப் பார்த்து அப்படியே நின்றுவிடும். ஆர்எம் ஸ்டார் போட்டால் "ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்". ஃபைண்ட் போட்டு -டைப் எஃப் -எம்டைம் +1 -டெலீட் கொடுத்துவிட்டு, லாட்ஜ் எதிரில் டிபன் சாப்பிட்டுவிட்டு வந்தேன், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இந்த எர்ரர் பார்த்தால் டிஎஃப் -எச், டிஎஃப் -ஐ இரண்டையும் சேர்த்தே தட்டுகிறேன்.


ராணிப்பேட்டை_நைட்ஷிப்ட் — இரவு 10:48

முள்ளுக்கத்திரி அண்ணா, கோடி நன்றி. ட்யூன்2எஃப்எஸ் போட்ட இரண்டாவது நிமிடம் பேக்கிங் லிஸ்ட் தானாகவே பிரிண்டரில் வந்தது, நான் மறுபடி கொடுக்கவே இல்லை. ஆனால் ஏழு காப்பி வந்தது. சாயந்திரத்திலிருந்து டிஸ்பாட்ச்காரர் விடாமல் பட்டனை அழுத்தியிருக்கிறார். மேனேஜர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார், தோளுக்குப் பின்னால் இப்போது காற்று வருகிறது.

எல்எஸ்ஓஎஃப் போட்டேன், நீங்கள் சொன்ன மாதிரியே 31 ஜிபி, டெலீடட். பத்தரைக்கு சாப்பாட்டு பிரேக், அந்த நேரத்தில் பஞ்சிங் இருக்காது, அப்ளிகேஷனை ரீஸ்டார்ட் செய்தேன். 93 இருந்தது 62 ஆகிவிட்டது. மீதி 35, 64%. ஐநோட்டும் பார்த்துவிட்டேன் ஜங்ஷன் அண்ணா, 9% தான்.

ஆனால் அந்த 28 அப்படியே நிற்கிறது. எல்எஸ்ஓஎஃப் இப்போது வெறுமை. டியூ -எக்ஸ்எச் ரூட்டாகத்தான் போட்டேன், பர்மிஷன் பிரச்சினையும் இல்லை. 34-க்கு மேல் ஒரு ஜிபி வரவில்லை.


முள்ளுக்கத்திரி — இரவு 10:55

அண்ணா இல்லை, அக்கா. பரவாயில்லை, எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஒரு கேள்வி. அந்த மெஷினில் யுஎஸ்பி டிஸ்க்கோ, இன்னொரு பார்ட்டிஷனோ, நெட்வொர்க் ஷேரோ ஏதாவது மவுன்ட் ஆகியிருக்கிறதா (ஒரு ஃபோல்டரில் இணைந்திருக்கிறதா)? பேக்கப் அதில் எழுதுகிறதா? ஆம் என்றால், எப்போதாவது அந்த டிஸ்க் மவுன்ட் ஆகாமல் இருந்த நாளில் பேக்கப் ஓடியதா?

ஏன் கேட்கிறேன் என்றால், எம்என்டி பேக்கப் (டிஸ்க்கை இணைக்கிற ஃபோல்டர்) என்பது முதலில் ரூட் டிஸ்க்கில் இருக்கிற ஒரு சாதாரணக் காலி ஃபோல்டர். அதன் மேல் யுஎஸ்பி டிஸ்க் வந்து உட்காருகிறது. டிஸ்க் உட்காராத நாளில் ஸ்கிரிப்ட் எழுதினால் எல்லாம் அந்தச் சாதாரண ஃபோல்டருக்குள், அதாவது ரூட் டிஸ்க்கில் விழும், ஸ்கிரிப்ட்டுக்கு வித்தியாசம் தெரியாது. பிறகு டிஸ்க்கை மவுன்ட் செய்ததும் அது மேலே உட்கார்ந்து, கீழே விழுந்ததையெல்லாம் மறைத்துக்கொள்ளும். பாயைத் தூக்கினால்தான் கீழே என்ன இருக்கிறது என்று தெரியும். டியூவுக்குப் பாய்தான் தெரியும்.

டிஸ்க்கைக் கழற்ற வேண்டாம். எம்என்டி கீழே வேறு பெயரில் ஒரு காலி ஃபோல்டர் போட்டு, மவுன்ட் --பைண்ட் என்று ரூட்டை (வெறும் ஸ்லாஷ்) அந்த ஃபோல்டரில் மவுன்ட் செய்யுங்கள். இப்போது அதற்குள் எம்என்டி பேக்கப்புக்குப் போய்ப் பாருங்கள். பைண்ட் மவுன்ட்டில் யுஎஸ்பி டிஸ்க் மேலே வராது, அடியில் இருக்கிறதே தெரியும்.


ராணிப்பேட்டை_நைட்ஷிப்ட் — இரவு 11:20

அக்கா, மன்னிக்கவும், அப்புறம் கும்பிடு.

12 டம்ப் ஃபைல்கள் (டேட்டாபேஸ் பேக்கப்). ஒவ்வொன்றும் 2.3 ஜிபி. கூட்டினால் 27.6.

தேதியைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. இந்த மாதம் 3-ஆம் தேதி மத்தியானம், சரியான வெயில், டிரான்ஸ்ஃபார்மர் போய் மூன்று மணி நேரம் கரன்ட் இல்லை, யுபிஎஸ்ஸும் கையை விரித்துவிட்டது. கரன்ட் வந்ததும் சர்வர் எழுந்தது, யுஎஸ்பி டிஸ்க் மட்டும் எழவில்லை. எஃப்எஸ்டேப்பில் (பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுன்ட் செய்வது என்ற லிஸ்ட்) நோஃபெயில் போட்டிருந்தேன், டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் ஆகட்டும் என்று, அதனால் சத்தமே இல்லாமல் பூட் ஆகியிருக்கிறது. 15-ஆம் தேதி சர்வர் ரூமைப் பெருக்க வந்த அம்மாதான் "அந்தப் பொட்டியில லைட்டே எரியலையே தம்பி" என்றார். கேபிளைப் பிடுங்கிச் செருகி, மவுன்ட் -ஏ போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்து வந்துவிட்டேன். நடுவில் 12 ராத்திரி ஒரு மணிக்கு ஓடிய பேக்கப் எங்கே போனது என்று யோசிக்கவே இல்லை.

இந்த 12-ஐயும் இப்போதே அழித்துவிடட்டுமா?


முள்ளுக்கத்திரி — இரவு 11:26

அழிக்காதீர்கள்! அந்தப் பன்னிரண்டு நாளுக்கு உங்களிடம் இருக்கிற ஒரே பேக்கப் அதுதானே. யுஎஸ்பி டிஸ்க்குக்கு ஆர்சிங்கில் காப்பி செய்யுங்கள், ஜிஜிப் -டி போட்டு ஒவ்வொன்றும் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள், அதன் பிறகு பைண்ட் வழியாகப் போய் அடியில் இருப்பதை அழியுங்கள். எந்தப் பாதையில் நின்று ஆர்எம் தட்டுகிறீர்கள் என்பதை பிடபிள்யூடி போட்டுப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள், இரண்டு இடத்திலும் ஒரே பெயரில் ஃபைல் இருக்கும், தூக்கக் கலக்கத்தில் மாற்றி அழித்தவர்கள் உண்டு (நான்).

திரும்ப வராமல் இருக்க இரண்டு வேலை. பேக்கப் ஸ்கிரிப்ட்டின் தலையில் மவுன்ட்பாயின்ட் -க்யூ போட்டு, டிஸ்க் உட்காரவில்லையென்றால் மெயில் அனுப்பிவிட்டு வெளியேறச் சொல்லுங்கள். அதற்கும் மேலே, அடுத்த முறை டிஸ்க்கைக் கழற்றும்போது அடியில் இருக்கிற காலி ஃபோல்டருக்கு சாட்டர் +ஐ போட்டுவிடுங்கள். அப்புறம் ரூட்டே நினைத்தாலும் அதற்குள் ஃபைல் போட முடியாது, மேலே டிஸ்க் மவுன்ட் ஆவதற்கு அது தடை இல்லை. ஸ்கிரிப்ட்டை நாளைக்கு வேறு யாராவது மாற்றி எழுதினாலும் இது காப்பாற்றும்.

ஜாவா லாகுக்கு லாக்ரொட்டேட் (லாகை அவ்வப்போது வெட்டும் டூல்) போடுங்கள். அப்ளிகேஷனுக்கு ஃபைலை மூடித் திறக்கத் தெரியாது என்றால் காப்பிட்ரங்கேட் (காப்பி எடுத்துவிட்டு அதே ஃபைலை வெறுமையாக்கும்). ஆனால் அது முதலில் காப்பி எடுக்கும், 31 ஜிபி ஆன பிறகு காப்பி எடுக்க 31 ஜிபி வேண்டும், அதனால் 500 எம்பியிலேயே வெட்டச் சொல்லுங்கள். லாக்ரொட்டேட் வழக்கமாக நாளைக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்க்கும், இவ்வளவு வேகமாக வளர்கிற லாகுக்கு மணிக்கொரு முறை ஓடவையுங்கள். அந்த வெளியாளிடம் கேளுங்கள், டீபக் லெவலை (ஒவ்வொரு சின்ன விஷயத்தையும் லாகில் எழுதும் செட்டிங்) ஆனில் விட்டுவிட்டுப் போயிருப்பார், நிச்சயம்.


பழைய_ஆற்காடு — இரவு 11:34

யுஎஸ்பி டிஸ்க் எவ்வளவு பெரிது, அதில் எவ்வளவு மீதி என்று யாரும் கேட்கவில்லையே. ஸ்கிரிப்ட்டில் பழைய டம்ப்பை அழிக்கிற வரி இருக்கிறதா தம்பி?


ராணிப்பேட்டை_நைட்ஷிப்ட் — மறுநாள் காலை 6:10

இல்லை அண்ணா. போட்ட நாளிலிருந்து சேர்த்துக்கொண்டே இருக்கிறது. 500 ஜிபி டிஸ்க், பன்னிரண்டையும் ஏற்றிய பிறகு 81%, மீதி 83 ஜிபி. ஒரு ராத்திரிக்கு 2.3 என்றால் 36 ராத்திரி. அடுத்த மாசக் கடைசியில் இதே கேள்வியோடு இதே இடத்துக்கு வந்திருப்பேன்.

60 நாளுக்கு மேல் ஆனதை அழிக்க ஃபைண்ட் போட்டேன். முதலில் -டெலீட் இல்லாமல் -பிரிண்ட் மட்டும் போட்டு லிஸ்ட்டைப் பார்த்தேன். மார்ச் 31 டம்ப் அதில் இன்னும் வரவில்லை, ஆனால் கொஞ்ச நாளில் வரும். கணக்குப் பிரிவில் ஆடிட்டுக்கு அதைக் கேட்பார்கள், அதனால் அதை மட்டும் வேறு ஃபோல்டருக்கு எடுத்துவைத்துவிட்டேன். டீபக் லெவல் ஆனில்தான் இருந்தது அக்கா, வெளியாள் "டெஸ்டிங்குக்காகப் போட்டேன், மறந்துட்டேன்" என்றார். ரூட் டிஸ்க்கில் ஒதுக்கீட்டையும் பழையபடி 5% ஆக்கிவிட்டேன், இப்போது 34 ஜிபி, 37%. டியூவும் 34 என்கிறது, டிஎஃப்பும் 34 என்கிறது. கன்டெய்னர் அஞ்சரைக்கே கிளம்பிவிட்டது. மீதி ஆறு பேக்கிங் லிஸ்ட்டின் பின்பக்கத்தில்தான் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறேன். ஏழு மணி ஷிப்ட் பஞ்சிங்கைப் பார்த்துவிட்டு வாலாஜா பஸ் ஏறுகிறேன்.